மின்வெட்டுக்கு யார் பொறுப்பு? 50 ஹெர்ட்ஸிடம் கேளுங்கள்

மின்சாரம் மத்திய அரசின் கையில் இருக்கிறதா, மாநில அரசின் கையிலா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அரசியல் சட்டத்தின் 7-வது அட்டவணையைத் திறந்தால் தலைசுற்றும். அணுசக்தி மத்தியப் பட்டியலில், தண்ணீர் மாநிலப் பட்டியலில், மின்சாரம் பொதுப் பட்டியலில். மின் நுகர்வு மீதான வரி மறுபடி மாநிலத்துக்கு! கம்பியில் ஏறியபின் இது கூடங்குளத்து மின்சாரம், இது மேட்டூர் மின்சாரம் என்று பிரித்தறியவும் வழியில்லை.

பங்கீடு காகிதத்தில் எளிது. ஒரு நாளை 15 நிமிடங்கள் கொண்ட 96 துண்டுகளாக்குகிறார்கள். மத்திய மின் நிலையங்களிலிருந்து ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு வேண்டும் என்று மாநிலம் முன்னதாகவே சொல்லிவிடும். பெங்களூருவிலுள்ள தென்மண்டல மின் பளு பகிர்ந்தளிப்பு மையம் அதை அட்டவணையாக்கும்.

சொன்னதற்கு மேல் எடுத்தால்? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

அனல் மின் நிலைய டர்பைன் நிமிடத்துக்கு 3,000 முறை, அதாவது நொடிக்கு 50 முறை சுற்றுகிறது. நம் மின்சாரத்தின் அதிர்வெண், அதாவது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் அலைகிறது என்ற எண், 50 ஹெர்ட்ஸாக அங்கே பிறக்கிறது. தேவை உற்பத்தியை மிஞ்சினால், பற்றாக்குறை அந்தச் சுழலும் இரும்பின் இயக்க ஆற்றலிலிருந்து உருவப்படுகிறது. மேடேறும் சைக்கிளைப்போல எல்லா ஜெனரேட்டர்களும் ஒருசேர வேகம் குறைகின்றன. கம்பிகளால் ஒன்றாகப் பிணைந்த மின்தொகுப்பின் எந்த ஊரில் அளந்தாலும் 50 என்பது 49.9 ஆகியிருக்கும்.

2003 தொடக்கத்தில் தென்மண்டலத்துக்கு வந்த புதிய கட்டண முறை இந்த எண்ணையே விலையாக்கியது. அதிர்வெண் 50.5-ஐத் தொட்டால், அட்டவணையை மீறி எடுத்த யூனிட்டுக்கு விலை பூஜ்யம். 49.02-க்கு இறங்கினால் 4 ரூபாய் 20 காசு. விலையை அறிய டெல்லியிலிருந்து தகவல் வர வேண்டியிருக்கவில்லை, சுவரிலுள்ள பிளக் பாயின்டில் அதிர்வெண் மீட்டரைச் செருகினால் போதுமாக இருந்தது. தட்டுப்பாட்டு நேரத்தில் தன் பங்கைக் குறைத்து எடுத்த மாநிலத்துக்குப் பணம் வந்தது. அதுவரை உச்ச நேரங்களில் 48.5-க்கும் கீழே தள்ளாடிய அதிர்வெண் இதன்பின் நிமிர்ந்தது. எத்தனை சுற்றறிக்கைகள் போட்டும் நடக்காத காரியம்! விதிகள் பிறகு பலமுறை திருத்தப்பட்டுவிட்டன.

ஆனால் விலை மட்டும் காப்பாற்றிவிடாது. 2012 ஜூலை 31 அன்று வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் சரிந்து சுமார் 60 கோடிப் பேர் மின்சாரமின்றித் தவித்தார்கள். சில வடமாநிலங்கள் அளவுக்கு மீறி இழுத்ததும் ஒரு காரணம். அதிர்வெண்ணைக் கடத்தாத நேர்திசை மின்சார (டி.சி.) இணைப்புகள் வழியாக மட்டுமே வடக்கோடு தொடர்பு வைத்திருந்த தெற்கு தப்பியது. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் இணைந்த பிறகுதான் நாடு முழுக்க ஒரே அதிர்வெண்.

சுவிட்ச் யாரிடம்? மண்டல மையம் மாநில மின்வாரியத்துக்கு இடும் உத்தரவு, 2003 மின்சாரச் சட்டப்படி, மாநிலத்தின் சொந்த மின் பளு மையத்தின் வழியாகவே போக வேண்டும். பளுவைக் குறை என்று பெங்களூரு சொல்லலாம். மயிலாப்பூர் ஃபீடரை (அந்தப் பகுதிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் தடத்தை) நிறுத்துவதா மதுராந்தகத்தை நிறுத்துவதா என்பது சென்னையின் முடிவு.

கூட்டாட்சியில் உருப்படியாக நடக்கும் ஏற்பாட்டைக் காட்டு என்றால் இதைத்தான் காட்டுவேன். காவிரியில், தமிழக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் நீரை அளக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் மேலே கூடுதலாகத் தேக்குபவரை அந்த நிமிடமே சுடும் விலை அங்கே இல்லை, வழக்கு உச்ச நீதிமன்றம் போகிறது.