விபத்தில்லா நாட்களுக்குப் பரிசு கொடுத்தால் காயம்தான் ஒளியும்

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம், தகட்டை மெஷினில் அழுத்திப் பாகம் செய்யும் பல பிரஸ் ஷாப்களில் "விபத்தில்லாத நாட்கள்" என்று ஒரு பலகை தொங்கும். எண் நூறைத் தொட்டால் ஷிப்டுக்கே பரிசு. தொண்ணூற்றைந்தாவது நாள் ஒருவருக்கு விரல் நசுங்கினால்? கூட இருப்பவர்களின் பரிசு தன்னால் போய்விடக் கூடாதே என்று வெளியே ஒரு கிளினிக்கில் தையல் போட்டுக்கொண்டு, "வீட்ல கதவுல மாட்டிக்கிச்சு" என்பார்.

நஷ்டம் அவருக்குத்தான். வேலையில் பட்ட காயம் என்று பதிவானால் தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐயில் வேலைக்குத் திரும்பும்வரை சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். சாதாரண நோய் விடுப்பாகப் போனால் 70 சதவீதம்தான், அதுவும் ஆண்டுக்கு 91 நாள்வரை.

ஆகவே, கண்ணால் பார்க்கக்கூடிய செயலுக்குப் பரிசு கொடுங்கள். லைனுக்கு ஐந்து செயல் போதும்: ஸ்கிராப்பைக் கையால் எடுக்காமல் இடுக்கியால் எடுப்பது, டையை (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சை) மாற்றும்போது மெயின் ஸ்விட்சில் பூட்டுப் போடுவது, இப்படி. பட்டியல் அந்தந்த மெஷினுக்குத் தனித்தனியாக இருக்கட்டும். "கிளவுஸ் போட்டிருக்கிறாரா" என்று எல்லா இடத்திலும் டிக் அடித்தால், டிரில்லிங் மெஷினில் கிளவுஸ் போட்டவரையும் பாராட்டிவிடுவீர்கள். சுற்றும் டிரில் கிளவுஸை இழுத்தால் கையும் கூடவே போகும்.

சூப்பர்வைசர் ஷிப்டில் பத்து நிமிடம் நின்று கவனித்தால் போதும். நாற்பது தடவை பார்த்ததில் முப்பது சரி என்றால் 75 சதவீதம். பெயர் எழுத வேண்டாம், லைன் கணக்கு மட்டும் பலகைக்குப் போகட்டும். பாராட்டு அங்கேயே, அப்போதே: "அண்ணே, அவசரத்துலயும் பூட்டுப் போட்டுட்டுதான் கை வச்சீங்க, அதான் சரி." வெறும் "குட்" என்றால் எதற்கென்றே தெரியாது. ஆயுத பூஜைக்குச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் குக்கரால் ஆண்டு முழுவதுக்கும் பழக்கம் வந்துவிடாது. ஒரு கேன்டீன் கூப்பன் போதும். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் உண்டு. ஹெல்மெட், ஷூவைப் பரிசாகக் கொடுப்பது கேலிக்கூத்து, அவை எப்படியும் நிர்வாகம் கொடுக்க வேண்டியவை.

நூலிழையில் தப்பியதைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுபவருக்கும் கூப்பன் உண்டு. அதைவிட முக்கியம், அந்தக் குறையை இரண்டு நாளில் சரிசெய்து சீட்டின் பக்கத்திலேயே படம் ஒட்டுவது. சீட்டுக்குப் பதில் வராவிட்டால் அடுத்த மாதம் பெட்டி காலிதான்.

இவ்வளவும் செய்துவிட்டு, ஸ்ட்ரோக் எண்ணிக்கைக்கு, அதாவது பிரஸ் எத்தனை தடவை இறங்கியது என்பதற்கு, இன்சென்டிவ் வைத்திருந்தால் அதுதான் ஜெயிக்கும். பழைய பிரஸ்ஸில், இரண்டு கையாலும் அழுத்தினால்தான் ஓடும் இருகைப் பட்டன்களில் ஒன்றில் ரப்பர் பேண்டு மாட்டியிருந்தால், அது சோம்பேறித்தனம் இல்லை. ஒரு கையைக் காலியாக வைத்துக்கொண்டால் நாளைக்குப் பீஸ் கூடும் என்ற கணக்கு. ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இரண்டு பட்டனையும் விட்டு, அரை விநாடிக்குள் சேர்த்து அழுத்தினால்தான் ஓடும் ரிலேவை மாட்டுங்கள். மாட்டிய பிறகு வரும் வேகத்துக்கே டார்கெட்டை மறுபடி போடுங்கள்.