பெரிய மீன், சிறிய செலவு

12 மீட்டரைத் தாண்டி வளரும் திமிங்கலச் சுறாவைப் பார்க்க ஸ்கூபா பயிற்சியோ காற்று உருளையோ வேண்டாம். நீச்சலும், முகக்கண்ணாடியும், மூச்சுவிட உதவும் ஸ்நார்கல் குழாயும், காலில் மாட்டும் துடுப்பும் போதும். காரணம் அதன் சாப்பாடு. மிதவை நுண்ணுயிர்களும் மீன் முட்டைகளும் பல நேரம் நீரின் மேல்மட்டத்திலேயே அடர்ந்து கிடக்கின்றன. அவற்றைத் தேடி அதுவும் மேலே வருகிறது.

மெக்சிகோவின் யுகட்டான் கரையோரம் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். சுமார் 6 மீட்டர் நீளமுள்ள திமிங்கலச் சுறா, இரைதேடும்போது மணிக்கு 6 லட்சம் லிட்டர் நீரை வடிகட்டுகிறது! செவுளில் அடைப்பு சேர்ந்தால், இருமுவதுபோல் நீரை வாய்வழியே வெளியே தள்ளிவிடும்.

இதேபோல் நீரை வடிகட்டி உண்ணும் மாண்டா திருக்கையின் வடிகட்டி இன்னும் அழகானது. நம் வீட்டுச் சல்லடையில் ஓட்டையைவிடப் பெரிய துகள்தான் நிற்கும். நின்றது ஓட்டையை அடைக்கும். மாண்டாவின் செவுள்களிலோ இலை போன்ற சிறு தகடுகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. நீர் வேகமாகப் பாயும்போது ஒவ்வொரு தகட்டுக்குப் பின்னாலும் ஒரு சுழல் உண்டாகிறது. நீர் இடைவெளிக்குள் திரும்பி வெளியேறுகிறது. துகளோ தகட்டில் பட்டுத் தெறித்து மறுபடி தொண்டையை நோக்கிய ஓட்டத்தில் சேர்கிறது. இடைவெளியைவிடச் சிறிய துகளும் இப்படிச் சிக்கும், அடைப்பும் குறைவு. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு இதை விளக்கியது.

சரி, இவற்றைப் பார்ப்பதில் செலவு எங்கே வருகிறது? பெரும்பாலும் தேடுவதில்தான். ஆஸ்திரேலியாவின் நிங்கலூவில் சுறாவைக் கண்டுபிடிக்கச் சிறு விமானம் பறக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம். மாலத்தீவின் ஹனிஃபாரு விரிகுடாவிலோ தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நீரோட்டமும் ஓதமும் (கடல் ஏற்றஇறக்கம்) எதிரெதிரே மோதி, இரையை ஒரே இடத்தில் குவிக்கின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மாண்டாக்கள் கூடும் வாய்ப்பு அதிகம். 2012 முதல் அங்கே ஸ்கூபாவுக்கு அனுமதியில்லை, ஸ்நார்கல் மட்டும்தான். பக்கத்துத் தரவந்தூ தீவில் விருந்தினர் இல்லங்கள் இருப்பதால் சொகுசு விடுதிக்குக் கொட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.

பிலிப்பைன்ஸின் ஓஸ்லோப் இதைவிட மலிவு. ஆனால் அங்கே சிறு இறாலைக் கையால் போட்டுச் சுறாவைப் பழக்கியிருக்கிறார்கள். தானாக வரும் விலங்கைப் பார்க்க நாள் பார்த்துப் போவதே சரி என்பேன்.

நீரில் இறங்கியதும் சுறாவின் வழியை மறிக்காமல் பக்கவாட்டிலேயே நீந்துங்கள். நிங்கலூ விதி: உடலிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர். முன்தள்ளும் விசை முழுக்க வாலில் இருப்பதால்தான் அந்தக் கூடுதல் மீட்டர்.