அந்த நோட்டுப் புத்தகத்தைக் கொஞ்சம் மூடி வையுங்கள்

சென்ற வாரம் ஓர் அப்பா தன் மகனைக் கூடைப்பந்துப் பயிற்சிக்காக என்னிடம் அழைத்துக்கொண்டு வந்தார். பையன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். இரண்டு முழங்கால்களிலும் நீ கேப். அப்பாவின் கையில் அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் தேதியும் அதற்கு நேரே 500 என்ற எண்ணும் அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன.

"தினமும் ஐநூறு த்ரீ பாயிண்ட் ஷாட் போடுகிறான் சார். எட்டு மாதமாக ஒரு நாளும் விட்டதில்லை. ஆனாலும் அணித் தேர்வில் இவனை எடுக்கவில்லை."

"ஐநூறில் எத்தனை விழுந்தது?" என்று கேட்டேன்.

அப்பா மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். "அதை எழுதவில்லை சார்."

இந்த ஆண்டில் என் முன்னால் நீட்டப்பட்ட ஆறாவது நோட்டுப் புத்தகம் இது. சிலவற்றில் 300, ஒன்றில் 1000. விழுந்த கணக்கு எதிலும் இல்லை. இருபத்திரண்டு வருடங்களாகக் கோவையில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். என் பொறுமையைப் பலர் பாராட்டியதுண்டு. அது அன்று மாலையோடு தீர்ந்துவிட்டது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். டியூஷனுக்கு முன் ஒரு மணி நேரத்தில் ஐநூறும் முடிந்துவிடும் என்றார் அப்பா. அப்படியானால் ஒரு ஷாட்டுக்கு ஏழு விநாடி. அதற்குள் பந்து போர்டில் பட்டுத் திரும்ப வேண்டும், யாராவது பொறுக்கிக் கொடுக்க வேண்டும் (தங்கை பொறுக்கிக் கொடுக்கிறாளாம்), இவன் காலைச் சரிசெய்து, கூடையைப் பார்த்து, மறுபடி எறிய வேண்டும். முந்தைய ஷாட் ஏன் வெளியே போனது என்று யோசிக்க இதில் எந்த விநாடி மிச்சம்? உடம்புக்கு நல்லது கெட்டது தெரியாது. எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எட்டு மாதம் தவறாக எறிந்த பையன் எட்டு மாதப் பயிற்சியைத் தொலைத்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. தவறாக எறிவதில் அவன் நன்றாகத் தேறியிருக்கிறான். அதைக் கழற்றி எடுக்க எனக்கு ஒரு வருடம் ஆகும். ஒன்றும் தெரியாமல் வரும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது இதைவிடப் பல மடங்கு சுலபம்.

சரி, எறிந்து காட்டச் சொன்னேன். பந்தை இடுப்புக்குக் கீழே கொண்டுபோய், உடம்பை முறுக்கி, இரண்டு கைகளாலும் தூக்கி வீசினான். கிணற்றிலிருந்து வாளியை இழுத்துக் கொட்டுவதுபோல் இருந்தது. கையில் ஏழாம் எண் பந்து. ஆண்கள் அணி ஆடும் பந்து அது, ஏறக்குறைய அறுநூறு கிராம். மினி கூடைப்பந்து ஆடும் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உள்ள ஐந்தாம் எண் பந்து ஐந்நூறு கிராமை ஒட்டியது. அவர்களுடைய ரிங்கின் உயரமும் 2.60 மீட்டர்தான், பெரியவர்களுக்கு உள்ள 3.05 மீட்டர் இல்லை. பெண்களுக்கான சர்வதேசப் போட்டிகளே ஆறாம் எண் பந்தில்தான் நடக்கின்றன. ஒல்லியான எட்டாம் வகுப்புப் பையனுக்கு மட்டும் ஏன் ஏழு? பள்ளிச் சீருடை எடுப்பதுபோல, வளர்ந்த பிறகும் உதவட்டும் என்று வாங்கினாராம். சீருடை பெரிதாக இருந்தால் மடித்துத் தைக்கலாம். பந்தை என்ன செய்வது?

விழுந்தால் மூன்று புள்ளி தரும் த்ரீ பாயிண்ட் கோடு 6.75 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அந்தப் பந்தை அங்கிருந்து அனுப்ப அவனுக்குத் தோள் வலு போதாது. அதனால் பந்து மேலே எழும்பாமல் தட்டையாகப் போகிறது. ரிங்கின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர், ஏழாம் எண் பந்தின் விட்டம் ஏறக்குறைய 24. நேர் மேலிருந்து இறங்கும் பந்துக்கு ரிங் முழு வட்டமாகத் திறந்திருக்கும். பந்து சாய்ந்து வர வர, அதன் கண்ணுக்கு அந்த வட்டம் ஒடுங்கிக்கொண்டே போகும். கிடைமட்டத்துக்கு 30 டிகிரியில் வந்தால் திறப்பு 22.5 சென்டிமீட்டர்தான். அதற்குள் 24 சென்டிமீட்டர் பந்து எப்படி நுழையும்? வளையத்தில் இடித்து, போர்டில் பட்டு, அதிர்ஷ்டம் இருந்தால் விழும். பையனிடம் குறையே இல்லை, வடிவியல் அவனுக்கு எதிராக நிற்கிறது.

"ஸ்டெஃபன் கரி அங்கிருந்துதானே சார் போடுகிறார்?" என்று பையன் கேட்டான். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவில் த்ரீ பாயிண்ட் ஷாட்டுக்குப் பெயர்போனவர் அவர். இந்தப் பெயர் வந்துவிடும் என்று எனக்கு முன்பே தெரியும். கரியும் பள்ளியில் படித்தபோது பந்தை இடுப்பருகிலிருந்துதான் வீசிக்கொண்டிருந்தார். அவருடைய தந்தை டெல் கரியும் என்பிஏவில் ஆடியவர். பெரியவர்களோடு ஆடும்போது இந்த ஷாட்டை எளிதாகத் தடுத்துவிடுவார்கள் என்று சொல்லி, ஒரு கோடை விடுமுறையில் அதை அடியோடு மாற்றவைத்தார். பந்தைத் தலைக்கு மேலிருந்து விடப் பழகும்வரை, பல வாரங்கள், கூடைக்குப் பக்கத்தை விட்டு மகனால் வெளியே வரவே முடியவில்லை. வெறுத்துப்போன கோடை அது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். வீடியோக்களில் யாரும் அந்தக் கோடையைக் காட்டுவதில்லை. பாதிக் கோர்ட்டிலிருந்து எறிவதை மட்டும் காட்டுகிறார்கள்.

ஆக, எங்கே தொடங்குவது? ரிங்கிலிருந்து ஒரு மீட்டர். ஆமாம், ஒரு மீட்டர்தான். ஒற்றைக் கையில் பந்து, உள்ளங்கை நடுவில் ஒட்டாமல் விரல்களின் மேல். முழங்கை கூடைக்கு நேரே. முட்டியைச் சற்று மடித்து எழும்போது அந்த விசையிலேயே கையும் எழ வேண்டும். பந்து போன பிறகும் கையை இறக்காதீர்கள். கிணற்றை எட்டிப் பார்க்கும் பிள்ளையைப்போல விரல்கள் ரிங்குக்குள் எட்டிப் பார்த்தபடி நிற்கட்டும். வளையத்தில் படாமல் ஐந்து விழுந்தால் ஓர் அடி பின்னால் போகலாம். தூக்கி வீச வேண்டிய கட்டாயம் வந்துவிட்டால் ஓர் அடி முன்னால் வாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பையன்கள் வெட்கப்படுகிறார்கள், என்ன செய்ய.

தங்கையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அவளும் அன்று வந்திருந்தாள். அண்ணன் எறிந்து தவறிய பந்தை ரிங்குக்கு அடியில் பிடித்து, திருப்பிக் கொடுக்கும் முன் விளையாட்டாக ஒருமுறை கூடையில் போட்டாள். வலது பக்கம் கிடைத்தால் வலது கை, இடது பக்கம் கிடைத்தால் இடது கை. யாரும் சொல்லித்தரவில்லை. எட்டு மாதமாகப் பந்து பொறுக்கியதில் தானாக வந்தது. இதற்கு மைக்கன் டிரில் என்று பெயர். அமெரிக்காவின் டிபால் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ரே மேயர், உயரம் மட்டுமே இருந்த ஜார்ஜ் மைக்கனின் கைகால்களைப் பழக்கியது இதைப் போட்டுத்தான். அந்த மைக்கன்தான் பின்னாளில் மினியாபோலிஸ் லேக்கர்ஸ் அணியின் தூணாக நின்றார். ரிங்குக்கு அடியில் நின்று, வலது, இடது, வலது, இடது என்று பந்தைத் தோளுக்குக் கீழே இறக்காமல் மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரு நிமிடம் போட்டுப் பாருங்கள், நாக்கு வெளியே வந்துவிடும். அப்பாவின் நோட்டில் இந்தப் பெண்ணுக்கு ஒரு வரிகூட இல்லை.

பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகரும் டிரிபிளிங்கில் எனக்கு ஒரே ஒரு புகார்தான். எல்லோரும் பந்தையே பார்த்துக்கொண்டு தட்டுகிறார்கள். ஒரு மாலை உள்ளரங்கில் பயிற்சியின் நடுவில் மின்சாரம் போய்விட்டது. பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். தட்டிக்கொண்டே இருங்கள் என்றேன். முதல் நிமிடம் பந்துகள் உருண்டோடின. நான்காவது நிமிடத்தில் சத்தம் சீராக வந்தது. பார்க்காமலும் பந்து கைக்கு வரும் என்பதை நான் ஒரு வருடம் சொல்லிப் புரியாதவர்களுக்கு மின்வாரியம் ஐந்து நிமிடத்தில் புரியவைத்தது. வீட்டில் செய்ய எளிய வழி: எதிரே ஒருவர் நின்று விரல்களைக் காட்டட்டும், தட்டுகிறவர் எண்ணிக்கையைச் சொல்லட்டும். சாப்பிடாத கைக்கு எப்போதும் இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். பாஸ் பழகச் சுவரில் எறிந்து பிடித்தால் போதும். தற்காப்புக்குப் பக்கவாட்டு நகர்வு, கால்கள் ஒன்றையொன்று தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

மறுபடி எண்ணிக்கைக்கே வருகிறேன், மன்னியுங்கள், என்னை உறுத்துவது அதுதான். ஓரளவு முறை படிந்த பிறகும் ஒரே இடத்தில் நின்று நூறு போடுவது வீண். பத்தாவது ஷாட்டிலிருந்து கை தானாக முந்தையதை நகல் எடுக்கும். விழவும் விழும், மகிழ்ச்சியாகவும் இருக்கும். ஆட்டத்தில் யாராவது ஒரே இடத்தில் நின்று நூறு போடவிடுவார்களா? 1978இல் கெர், பூத் என்ற இருவர் சிறுவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எட்டு வயதுப் பிள்ளைகளில் ஒரு குழு மூன்றடி தூரத்து இலக்கிலேயே சிறு மூட்டைகளை எறிந்து பழகியது. இன்னொரு குழு இரண்டடியிலும் நான்கடியிலும் மாற்றி மாற்றிப் பழகியது. கடைசியில் இரு குழுக்களையும் மூன்றடியில் சோதித்தால், அந்தத் தூரத்தில் பழகவே செய்யாத இரண்டாவது குழுதான் மேலாக எறிந்தது. ஆகவே ஐந்து இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டிரண்டாகப் போட்டு நகருங்கள். ஓடி வந்து பந்தைப் பிடித்துப் போடுங்கள். எதிரணி ஃபவுல் செய்தால் தடுப்பாரின்றிப் போடக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவையும் இப்படித்தான் பழக வேண்டும். கோர்ட்டின் 28 மீட்டரை இரண்டு முறை ஓடிவிட்டு, மூச்சு வாங்கும்போது இரண்டே இரண்டு, மறுபடி ஓட்டம். நோட்டில் எழுதித்தான் தீர வேண்டும் என்றால், இருபதில் எத்தனை விழுந்தது, தவறியவை ரிங்கை எட்டாமல் முன்னால் விழுந்தனவா, பக்கவாட்டில் போயினவா என்று எழுதுங்கள். முன்னால் விழுந்தால் கால் ஓய்ந்துவிட்டது. பக்கவாட்டில் போனால் முழங்கையைப் பாருங்கள்.

முன்னால் விழத் தொடங்கினால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. அதற்கு மேல் போடும் ஒவ்வொன்றும் கெடுதல்தான்.

இனி அந்த நீ கேப். வளரும் வயதில் முட்டிச் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து, தொட்டால் வலித்தால், குதிப்பது அளவுக்கு மீறிவிட்டது என்று உடம்பு சொல்கிறது. சிமெண்ட் தளத்தில் தினமும் ஐநூறு முறை குதித்தால் சொல்லாமல் என்ன செய்யும்? நீ கேப்பை இறுக்கிப் போட்டுக்கொண்டு தொடராதீர்கள். மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள். அந்தப் பையனை அன்றே அனுப்பிவிட்டேன்.

கணுக்கால் பிசகினால் யாரிடமும் கொடுத்து நீவிவிடாதீர்கள். வீங்கிய காலை எண்ணெய் போட்டு உருவி, அடுத்த நாள் நொண்டிக்கொண்டே வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. காலை ஊன்றி நாலு அடி நடக்க முடியவில்லையென்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். ஓட்டத்துக்கான, குதிகால் உயர்ந்த ஷூவில் பக்கவாட்டில் வெட்டித் திரும்பாதீர்கள். லேஸைக் கட்டுங்கள். குதித்தால் இரண்டு கால்களிலும் மெத்தென்று இறங்குங்கள், தளத்தில் 'தப்' என்று சத்தம் கேட்கக் கூடாது. மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாம் வீட்டில். நகத்தை வெட்டுங்கள். மே மாதம் காலை பத்து மணிக்கு மேல் வெயிலில் நிற்காதீர்கள், மன உறுதிக்கு வேறு பயிற்சிகள் உண்டு.

கடைசியாக ஒன்று. இதைத் திட்டாமல் கேட்டுக்கொள்கிறேன். 2025 நவம்பரில் ஹரியானாவின் ரோத்தக் மாவட்டத்தில், தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்த 16 வயது வீரர் ஓடிவந்து ரிங்கைப் பிடித்தபோது கம்பம் அப்படியே அவர் மார்பின் மேல் சாய்ந்தது. அவர் பிழைக்கவில்லை. நம் ஊர்ப் பள்ளி மைதானங்களிலும் பூங்காக்களிலும் மழையில் நனைந்து அடி துருப்பிடித்த கம்பங்கள் எத்தனை நிற்கின்றன என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பிள்ளை தனியாகப் பயிற்சிக்குப் போகும் இடத்துக்கு ஒருநாள் நீங்களும் போங்கள். தரையோடு சேரும் இடத்தில் இரும்பு உதிர்கிறதா, காங்கிரீட் விரிசல் விட்டிருக்கிறதா, போல்ட்டுகள் இருக்கின்றனவா, லேசாகத் தள்ளினால் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பொறுப்பில் உள்ளவர்களிடம் எழுத்தில் கொடுங்கள். நல்ல கம்பமாக இருந்தாலும் ரிங்கில் தொங்கக் கூடாது. முடிந்தவரை தனியாக அனுப்பாதீர்கள், கூட ஒருவர் இருக்கட்டும்.

அந்த அப்பா நேற்று போன் செய்தார். முட்டிக்கு மூன்று வாரம் ஓய்வு சொல்லியிருக்கிறார்களாம். "அதுவரை என்ன செய்வான் சார்?" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தபடி இடது கையால் பந்து தட்டட்டும் என்றேன். எத்தனை முறை என்று கேட்டார்.