பிரஷர் குளிசையும் கிளினிக் கொப்பியும்

அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் பிரஷர் குளிசை இலவசம். அஸ்வெசும என்கிற அரச உதவிப்பணம் கிடைக்கிறதோ இல்லையோ, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. திட்டம் இவ்வளவுதான், மிச்சமெல்லாம் அலைச்சல்.

முதலில் திகதி. துணுக்காய்ப் பக்கத்துப் பெரியம்மா ஒருவர், மழைக்கு பஸ் வராமல் ஒரு நாள் பிந்திப் போனார். "இண்டைக்கு உங்கட கிளினிக் இல்லை" என்று திருப்பிவிட்டார்கள். அவரும் பேசாமல் வந்து, அடுத்த திகதி வரை குளிசையே இல்லாமல் இருந்தார். தலையிடி இல்லைத்தானே என்று சொன்னார். பிரஷர் தலையிடியோடுதான் வரும் என்று யார் சொன்னது? அப்படித் திருப்பினால் வீட்டுக்கு வராதீர்கள். அங்கேயே ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) துண்டு எடுத்து, மருந்து எழுதித் தருகிற கிளினிக் கொப்பியைக் காட்டி, அடுத்த கிளினிக் வரைக்கும் மருந்து எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ மாதாமாதம் போக ஏலாதவர்கள், பிரஷர் கட்டுப்பாட்டில் இருந்தால், கிட்டவுள்ள பிரதேச ஆஸ்பத்திரிக்கு மாற்றிக் கடிதம் கேட்கலாம். கேட்காமல் யாரும் எழுதித் தரப்போவதில்லை.

அடுத்தது, "இது இல்லை, வெளியில வாங்குங்கோ" என்கிற துண்டு. 2022 பொருளாதார நெருக்கடியில் இது அடிக்கடி கேட்ட பேச்சு, இப்போதும் முழுதாக ஓயவில்லை. எந்தக் குளிசை இல்லை என்று கேட்டு, அதை மட்டும் வாங்குங்கள். இதே பெரியம்மாவின் தட்டில் ஆஸ்பத்திரி கடதாசிப் பையில் லொசார்டன் என்கிற பிரஷர் குளிசை இருந்தது, பக்கத்தில் பாமசிப் பெட்டி ஒன்று, வேறு பெயரோடு. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் சின்ன எழுத்தில் அதுவும் லொசார்டன்தான். இரண்டையும் போட்டுவிட்டுக் கிணற்றடியில் தலைசுற்றி இருந்திருக்கிறார். பாமசியில் வாங்கும்போதே கொப்பியை நீட்டி, "இதில இருக்கிற எதுக்குப் பதிலா இது?" என்று கேளுங்கள். மூட்டு நோவுக்கு என்று கடையில் டைக்குளோபெனாக் வாங்குகிறவர்களும் கொப்பியைக் காட்டவேண்டும், அது பிரஷரை ஏற்றும்.

இன்னொன்று, பரிசோதனைக்கு இரத்தம் குத்தக் கொடுக்கிற நாளில் வெறும் வயிறு என்றால் சாப்பாடுதான் கூடாது. வேண்டாம் என்று டொக்டர் சொல்லாவிட்டால், பிரஷர் குளிசையை வழமைபோலத் தண்ணீரோடு போடலாம். சீனி வருத்தக் குளிசையும் ஊசியும் வேறு கதை, அவற்றை வெறும் வயிற்றோடு போடாமல், எப்போது போடுவது என்று டொக்டரிடம் முதலே கேட்டு வையுங்கள். காலையில் குளிசை போடாமல் போனால் அங்கே பிரஷர் கூடக் காட்டும், உடனே மருந்தைக் கூட்டி எழுதிவிடுவார்கள். போடவில்லை என்றால் பிரஷர் பார்க்க முதலே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கொப்பியில் கடைசியாக எழுதிய பக்கத்தை ஒவ்வொரு முறையும் போனில் படம் எடுத்து வையுங்கள், மழையில் நனைந்த கொப்பியைப் பார்த்து மருந்து தர எந்த மிசியாலும் (தாதியாலும்) ஏலாது.