கையில் இல்லாத பங்கை விற்றவர்

டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் பங்கு திரட்டியபோது, மிகப் பெரிய தொகை போட்டவர்களில் ஒருவர் ஆம்ஸ்டர்டாம் வணிகர் ஐசக் லெ மேர். 85,000 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்). (பின்னாளில் நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டியதும் இதே கம்பெனிதான்.) கணக்கு வழக்கில் தகராறு முற்றி, 1605இல் அவர் இயக்குநர் பதவியை விட்டுப் போக நேர்ந்தது. கம்பெனிக்குப் போட்டியாகத் தொழில் செய்யமாட்டேன் என்றும் எழுதிக் கொடுத்தார். ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை. 1609இல் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, கம்பெனியின் பங்கு விலை விழும் என்று ரகசியமாகப் பணம் கட்டினார்.

எப்படி? இன்று ஷார்ட் அடிப்பவர்கள், அதாவது விலை விழுந்தால் லாபம் என்று விற்பவர்கள், பங்கைக் கடன் வாங்கி விற்கிறார்கள். அன்று அதுகூடத் தேவைப்படவில்லை. பேரம் இன்று, கம்பெனி ஏட்டில் பெயர் மாற்றித் தருவது ஒன்றிரண்டு வருடம் கழித்து. அந்த இடைவெளிதான் சூட்சுமம். ஒரு பங்கை அடுத்த வருடம் 6,000 கில்டருக்குத் தருகிறேன் என்று ஒருவர் ஒத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் பங்கு கிடையாது. கெடு வரும்போது சந்தை விலை 4,500 என்றால், வாங்கிக் கொடுத்துவிட்டு 1,500ஐப் பையில் போட்டுக்கொள்ளலாம். விலை 9,000 ஆகிவிட்டால்? 3,000 நட்டம். விலை பூஜ்யத்துக்குக் கீழே போகாது, அதனால் லாபத்துக்கு ஒரு எல்லை உண்டு. நட்டத்துக்கு அது இல்லை.

விலை இறங்கத்தான் செய்தது. விதவைகளும் அநாதைகளும் பாதிக்கப்படுகிறார்கள் என்று கம்பெனி அரசிடம் முறையிட்டது. நிர்வாகம் சரியில்லை, அதனால்தான் விலை விழுகிறது என்றது எதிர்த்தரப்பு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. எட்டு வருடம் டிவிடெண்டே (பங்குதாரருக்கான லாபப் பங்கு) தராத கம்பெனி, 1610இல் ஒருவழியாகத் தந்தபோதும் கொடுத்தது காசு இல்லை, ஜாதிபத்திரி!

ஆனாலும் அரசு கம்பெனி பக்கம் சாய்ந்தது. 1610 பிப்ரவரி 27இல், கையில் இல்லாத பங்கை விற்கக்கூடாது, எந்தப் பங்கை விற்றாலும் ஒரு மாதத்துக்குள் பெயர் மாற்ற வேண்டும் என்று தடை வந்தது. விலை மீண்டும் ஏறியது. கூட்டாளிகளில் சிலர் திவாலானார்கள். லெ மேருக்கும் பெரிய அடி.

ஷார்ட் அடிப்பது மட்டும் நிற்கவில்லை. தடையை அரசு திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது. இத்தகைய ஒப்பந்தங்கள் நீதிமன்றத்தில் செல்லாது என்று ஆன பிறகும், வியாபாரிகள் பெரும்பாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். ஒருமுறை ஏமாற்றியவரோடு அடுத்த நாள் பேரம் பேச யார் வருவார்கள்?