கல்லடைப்பு வலிக்குள் பெருங்குடல் எப்படி நுழைந்தது?

தர்மபுரிப் பக்கம் நோயாளிகள் கையில் கொடுக்கிற குறிப்புத் தாள்களில் 'சிறுநீரகப் பெருங்குடல்' என்றொரு நோயை அடிக்கடி பார்க்கிறேன். அப்படி ஒரு உறுப்பும் கிடையாது, நோயும் கிடையாது. சிறுநீரகக் கல் அடைத்து வரும் வலிக்கு ஆங்கிலத்தில் உள்ள 'ரீனல் காலிக்' என்ற பெயரைத்தான் யாரோ இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். 'ரீனல்' சிறுநீரகத்தைச் சேர்ந்தது. 'காலிக்', பெருங்குடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. முதலில் குடல்வலி, பிறகு விட்டுவிட்டு முறுக்கும் எந்த வயிற்றுவலியும். மொழிபெயர்த்தவர் வேரை எடுத்துக்கொண்டு நோயை விட்டுவிட்டார்.

சரி, அது கவனக்குறைவு. 'சிறுநீரகச் சூலை' என்பவர்களோடுதான் எனக்கு வழக்கே. தமிழ்ச்சொல் என்பார்கள், அப்பருக்கு வந்ததும் சூலைதானே என்பார்கள். அப்பருக்கு வந்தது வயிற்றில். சித்த மருத்துவத்தில் மூட்டுவலிக்கும் சூலை உண்டு. இரவு இரண்டு மணிக்கு விலாவைப் பிடித்துக்கொண்டு வருகிறவரிடம் 'சூலை' என்றால் என்ன புரியும்? பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் 'கல்லு வலி' என்றால் போதும். ஓசூரில் கன்னடம் பேசுகிறவருக்கும் கல்லு கல்லுதான். 'இசிவு வலி' என்போர் இன்னொரு கட்சி. சிறுநீர்க் குழாயின் தசை இறுகிச் சுருங்குவதுதான் வலிக்கு முழுக் காரணம் என்று அந்தப் பெயர் நம்ப வைக்கிறது. உண்மையில் கல் அடைத்து, சிறுநீர் தேங்கி, உள்ளே அழுத்தம் ஏறுவதால்தான் பெரும்பாலும் வலிக்கிறது. இசிவு நீக்கும் மருந்து வேண்டாம் என்றே பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. அது முதலில் சொல்வது டைக்ளோஃபினாக் போன்ற அழற்சி தணிக்கும் மருந்துகளை. அவை அந்த அழுத்தத்தைக் குறைக்கின்றன. கத்தாரில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், 75 மில்லிகிராம் டைக்ளோஃபினாக் தசை ஊசி மார்ஃபினைவிட நன்றாக வலியைத் தணித்தது. சிறுநீரகம் பழுதானவர், குடற்புண் உள்ளவர், கர்ப்பிணி போன்றோருக்கு அது ஆகாது. அவர்களுக்கு ரத்தநாளம் வழியாகப் பாராசிட்டமால்.

ஆக, சித்த மருத்துவம் வைத்திருக்கும் 'கல்லடைப்பு' என்ற பழைய பேரே காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. எழுத்தில் 'கல்லடைப்பு வலி' போதும். அகராதியை மட்டும் புரட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள் ஒருமுறை அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் நின்று கேட்டால் நல்லது.

'அடைப்பு' என்ற பகுதியை விட்டுவிடக்கூடாது என்பதற்கு இன்னொன்றும் உண்டு. வலியோடு குளிர் காய்ச்சலும் வந்தால், அடைப்புக்குப் பின்னால் கிருமி தொற்றியிருக்கலாம். அப்போது வலிக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. தேங்கிய சிறுநீரை உடனே வெளியேற்றியாக வேண்டும்.