மியூவானின் தலையாட்டமும் இழைக் கோட்பாட்டின் விளக்கமும்

மியூவானை எலக்ட்ரானின் பருத்த அண்ணன் எனலாம். எடை சுமார் 207 மடங்கு, ஆயுள் 2.2 மைக்ரோவினாடி. தற்சுழற்சியும் மின்னூட்டமும் இருப்பதால் அது ஒரு குட்டிக் காந்தம். காந்தப்புலத்தில் விட்டால் ஓயப்போகும் பம்பரம்போலத் தலையாட்டும். அந்த ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது ஜி என்ற எண். 1928இல் இயற்பியலாளர் டிராக் எழுதிய சமன்பாட்டின்படி அது சரியாக 2.

ஆனால் வெற்றிடம் சும்மா இருப்பதில்லை. அங்கே கண நேரம் தோன்றி மறையும் துகள்கள் மியூவானை உரசிப்போவதால் ஜி சுமார் 0.00233 கூடிவிடுகிறது. இதுவரை பிடிபடாத கனமான துகள் ஏதேனும் இருந்தால் அதுவும் உரசத்தானே செய்யும்? எலக்ட்ரானைவிட மியூவானில் அந்த உரசல் ஏறக்குறைய 43,000 மடங்கு (207இன் வர்க்கம்) பெரிதாகத் தெரியும்.

14 மீட்டர் விட்டமுள்ள காந்த வளையத்தில் மியூவான்களைச் சுழலவிட்டு, 2021இல் அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆய்வகம் தன் முதல் அளவை வெளியிட்டது. கோட்பாட்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் ஜியில் 40 கோடியில் ஒரு பங்கு அதிகம். முன்பு அங்குள்ள புரூக்ஹேவன் ஆய்வகத்தில் கண்டதும் இதே போக்குதான். சரி, உரசியது யார்?

இழைக் கோட்பாட்டாளர்களிடம் ஆள் தயாராக இருந்தார். அவர்கள் கணக்கில் துகள்கள் எல்லாம் இழைகள். அவற்றின் முனைகள் டி-பிரேன் எனும் பரப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பிரேன் தொகுப்பும் தன்னோடு கூடுதலாக ஒரு விசையையும், ஃபோட்டானுக்கு உறவான, ஆனால் எடையுள்ள ஒரு துகளையும் கொண்டுவரும். மியூவான் இழையின் முனை படும் பிரேனில் புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்கின் இழைமுனை படாவிட்டால், புதுத் துகள் மியூவானோடு பேசும், குவார்க்கோடு பேசாது. புரோட்டான்களை மோதவிடும் எல்ஹெச்சி எந்திரத்தின் கண்ணில் அது எளிதில் படாது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் துகளின் எடையையும் விசையின் வலிமையையும் இப்படி இஷ்டத்துக்குத் திருக முடிந்தால், எந்த வித்தியாசத்தைத்தான் விளக்க முடியாது?

இதற்கிடையே ஆட்டம் கண்டது அளவு அல்ல, கணக்கு. ஜியின் கூடுதலில் குவார்க்குகளின் பங்கைப் பழைய முறை எலக்ட்ரான்–பாசிட்ரான் மோதல் தரவுகளிலிருந்து எடுத்தது. அந்தத் தரவுகளே ஒன்றுக்கொன்று முரண்பட்டன. அதே பங்கைக் காலவெளியைக் கட்டம்கட்டமாகப் பிரித்து மீக்கணினியில் நேரடியாகக் கணக்கிட்டபோது வித்தியாசம் கரைந்துவிட்டது. 2025 ஜூனில் வந்த ஃபெர்மிலாப்பின் இறுதி அளவு, ஜி 2ஐத் தாண்டும் பகுதியில் 100 கோடியில் 127 பங்கு துல்லியத்தோடு, இந்தப் புதுக் கணக்கை ஒட்டியே நிற்கிறது.

டி-பிரேன் துகள் இதனால் செத்துவிடவில்லை. முன்பு வித்தியாசத்தை விளக்கிய அதே சமன்பாடு இப்போது அதற்கு வரம்பு கட்டுகிறது: ஒன்று அதன் எடை கூட வேண்டும், அல்லது மியூவானோடு அதன் பேச்சு குறைய வேண்டும்.